விந்தை விலங்கு பிடிக்கும் விளையாட்டு: அதன் குணமும் குற்றமும்

விளையாட்டு சிறுவர்க்கே உரியது. கற்றோர் அதனை ஆராய்தல் காலத்தை வீணாக்குதலாம் என்று கூறுவார் சிலர் உளர். ஆயினும், ஒரு தலைமுறையினர் ஓய்வு நேரத்தில் எதனை விரும்பி ஆடுகின்றனர் என்பதைக் கொண்டே அவர்தம் மனப்போக்கை ஒருவாறு அறிந்துகொள்ளலாம். வகுப்பறையில் நாம் கற்பது பிறர் வகுத்த பாடம். விளையாட்டில் நாம் கற்பதோ நாமே விரும்பி ஏற்ற பாடம். ஆதலின் அப்பாடம் நன்றோ தீதோ என ஆராய்தல் மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே உரிய கடமையாம்.

அவ்வாறு ஆராய்தற்குரிய விளையாட்டுக்களுள் ‘போக்கிமான்’ என்பது ஒன்று. இஃது ஆடுவோன் ஒரு பாத்திரத்தின் வேடத்தைப் பூண்டு, கற்பனை உலகொன்றில் ஊர்தோறும் சுற்றி, ஆங்குத் திரியும் விந்தை விலங்குகளைப் பிடித்துப் பழக்கும் கணினி விளையாட்டாகும். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ஜப்பான் நாட்டில் முதன்முதல் வெளிவந்த இவ்விளையாட்டு, 2016ஆம் ஆண்டில் கைப்பேசிக்கெனத் தனியுருக் கொண்டு, அவ்வாண்டு டிசம்பரில் முறைப்படி இந்தியாவிற்கும் வந்தது. இதனை ‘உலகம் போற்றும் கலை’ என வியப்பாரும், ‘இளைஞரைக் கெடுக்கும் பேய்’ என வைவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் ஒரு பக்கத்தையே கண்டவராவர். நாம் இரு பக்கத்தையும் காண முயல்வோமாக.

முதற்கண் இதன் தோற்றத்தை அறிதல் வேண்டும். இதனைக் கருதிப் படைத்தவர் சத்தோஷி தாஜிரி என்பவர். இவர் 1965ஆம் ஆண்டு பிறந்தவர். டோக்கியோ மாநகரின் புறத்தேயுள்ள மச்சிடா என்னும் ஊரில் வளர்ந்தவர். இளமையில் இவர்க்கு உயிரனைய பொழுதுபோக்கு பூச்சி பிடித்தலே. குட்டைகளிலும் சோலைகளிலும் வண்டுகளைத் தேடித் திரிந்தமையால், உடன்பயின்ற சிறுவர் இவரைப் ‘பூச்சி அறிஞர்’ என்றே விளையாட்டாக அழைத்தனராம். ஆண்டுகள் சென்றன, நகரம் பெருகிற்று, குட்டைகள் தூர்ந்தன, சோலைகள் இருந்தவிடத்தில் கட்டடங்கள் எழுந்தன. தாம் துய்த்த இன்பம் பின்வந்த சிறுவர்க்குக் கிட்டாது போயிற்றே என்ற ஏக்கம் அவர் உள்ளத்தில் நிலைத்தது. பின்னர், நின்டெண்டோ நிறுவனத்தார் 1989இல் வெளியிட்ட ‘கேம் பாய்’ என்னும் சிறு கைக்கருவிகள் இரண்டினைக் கம்பியால் இணைக்கலாம் என்பதைக் கண்டபோது, அக்கம்பியின் வழியே பூச்சியொன்று ஒரு கருவியிலிருந்து மற்றொன்றிற்கு ஊர்ந்து செல்வதாக ஓர் எண்ணம் அவர்க்குத் தோன்றிற்று. அவ்வெண்ணமே இவ்விளையாட்டிற்கு வித்து. சித்திரம் வரைதலில் வல்ல கென் சுகிமோரி முதலிய நண்பருடன் கூடி, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் உழைத்து அதனை அவர் முடித்தார். எனவே, மறைந்துபோன வயலையும் குட்டையையும் நினைந்து ஒருவர் எழுப்பிய நினைவுச்சின்னமே இவ்விளையாட்டு என்று கூறின் அது மிகையாகாது. இதனை வாசிப்போர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதற்குப் பயனுண்டு.

இனி, ஆடும் முறையைச் சுருக்கமாகக் கூறுவாம். கதைத்தலைவன் ஒரு சிறுவன். அவன் ஊரிலுள்ள பேராசிரியர் ஒருவர் மூன்று குட்டி விலங்குகளைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கின்றார். ஒன்று நெருப்பின் இயல்புடையது. ஒன்று நீரின் இயல்புடையது. மற்றொன்று செடியின் இயல்புடையது. அத்துடன் ஓர் ஏட்டுக் கருவியையும் கொடுத்து, உலகிலுள்ள விலங்குகள் அனைத்தையும் அதிற் பதிந்து வருமாறு பணிக்கின்றார். சிறுவன் புறப்படுகின்றான். உயர்ந்த புல்வெளியில் நடக்கும்போது காட்டு விலங்குகள் எதிர்ப்படும். தன் விலங்கினைக் கொண்டு அவற்றோடு பொருது, எதிரியின் வலியைக் குறைத்து, தக்க நேரத்தில் ஒரு பந்தினை எறிந்தால் அவ்விலங்கு அதனுட் சிக்கும். மிகக் குறைவாக அடித்தால் அது திமிறி வெளியேறும். மிகையாக அடித்தால் மயங்கி வீழ்ந்து கைக்கெட்டாது போகும். ஒரே காலத்தில் ஆறு விலங்குகளையே உடன்கொண்டு செல்லலாம்; ஒவ்வொன்றும் நான்கு வித்தைகளையே நினைவிற் கொள்ளும். எட்டு ஊர்களில் எட்டு ஆசான்களை வென்று, இறுதியில் வல்லுநர் கூட்டத்தை வெல்லுதலே கதையின் முடிவு.

இவ்விளையாட்டின் குணங்களை முதலிற் காண்போம்.

முதலாவது குணம், எளிமையில் தொடங்கி ஆழத்திற் செல்லும் அதன் அமைப்பாகும். நீர் நெருப்பை அவிக்கும். நெருப்பு செடியை எரிக்கும். செடி நீரை உறிஞ்சும். இம்மூன்றும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். ஆயின் முதல் விளையாட்டிலேயே இத்தகைய இயல்புகள் 15 உள; இக்காலத்து விளையாட்டுக்களில் அவை 18 ஆகப் பெருகியுள்ளன. ஒவ்வொன்றும் சிலவற்றை வெல்லும்; சிலவற்றிற்குத் தோற்கும். அன்றியும், சில விலங்குகள் ஈரியல்பும் உடையன. எனவே, ஆறு விலங்குகளைத் தேர்தல் என்பது ஒரு சிறு படையை வகுத்தலாம். எல்லாவற்றையும் வெல்லும் விலங்கொன்றும் இல்லையாதலின், ஒன்றன் குறையை மற்றொன்றன் நிறையால் ஈடுசெய்யக் கற்றல் வேண்டும். இஃது அறிவிற்கு நல்ல பயிற்சியே.

இரண்டாவது குணம், இயற்கையை உற்றுநோக்கியதால் விளைந்த கற்பனை. கம்பளிப்புழு போன்ற விலங்கொன்று கூட்டுப்புழுவாகிப் பின்னர் வண்ணத்துப்பூச்சியாக மாறும். மற்றொரு நீர்விலங்கின் வயிற்றில் சுருள் வடிவமொன்று வரையப்பட்டுள்ளது. தலைப்பிரட்டையின் மெல்லிய தோலினூடே அதன் குடல் சுருண்டு தோன்றுவதைக் கண்டே அதனை வரைந்தனர். குட்டையருகே குந்தியிருந்து தலைப்பிரட்டையைப் பார்த்தவர்க்கன்றி இக்கற்பனை பிறர்க்குத் தோன்றாது. கேம் பாய்க் கருவியின் திரை சாம்பல் நிறத்தின் நான்கு சாயல்களையே காட்ட வல்லது. அக்குறுகிய எல்லைக்குள் 151 விலங்குகளையும் ஒன்றோடொன்று மயங்காவண்ணம் வரைந்து காட்டினமை பாராட்டற்பாலது.

மூன்றாவது குணமே தலையாயது. இவ்விளையாட்டை எவரும் தனித்திருந்து முற்றுவித்தல் இயலாது. சிவப்பு, பச்சை என இரு பதிப்புக்கள் வெளிவந்தன. ஒன்றில் உள்ள விலங்குகள் சில மற்றொன்றில் இல்லை. தொடக்கத்திற் காட்டிய மூன்று குட்டிகளில் ஒன்றையே ஒருவர் பெறலாம். சில விலங்குகளோ, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறினாலன்றி முழு வளர்ச்சி எய்தா. ஆகவே ஏட்டை நிரப்ப விரும்புவோன், நண்பனைத் தேடிச் சென்று, கருவிகளைக் கம்பியால் இணைத்து, தன்னிடம் மிகுந்ததைக் கொடுத்து இல்லாததைப் பெறுதல் வேண்டும். கணினி விளையாட்டு மனிதரைத் தனிமைப்படுத்தும் என்னும் பழியை இவ்வொரு விதி பெரிதும் நீக்கிற்று.

இக்குணங்களைக் கூறியபின் குற்றங்களை மறைத்தல் முறையன்று.

முதற்குற்றம், பொழுதை விழுங்கும் இயல்பு. வலிய ஆசானொருவனிடம் தோற்றவன் தன் உத்தியை மாற்றி வெல்லலாம். அல்லது, புல்வெளியிற் சென்று வலியற்ற விலங்குகளை நூறுமுறை அடித்துத் தன் விலங்கின் படியை உயர்த்திக்கொண்டு வந்தும் வெல்லலாம். இரண்டாவது வழிக்கு அறிவு வேண்டுவதில்லை; நேரமே வேண்டும். சிந்தித்தவனும் வெல்லுவான், சிந்தியாது பொழுதைச் செலவிட்டவனும் வெல்லுவான்.

இதனை நம் நாட்டு ஆடுபுலி ஆட்டத்தோடு ஒப்பிட்டு நோக்குவோர்க்கு உண்மை புலனாகும். அதுவும் விலங்கைப் பிடிக்கும் ஆட்டமே. தரையிற் கரியால் வரைந்த கட்டம். கூழாங்கற்களோ புளியங்கொட்டைகளோ காய்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாவி வெட்டும், ஆடோ வெட்டவியலாது. ஆயினும் ஆடுகள் ஒன்றையொன்று காத்து நின்று நெருக்கினால், புலி நகர இடமின்றி அடைபடும். அங்கே மறைவென்பது இல்லை. பகடையின் துணை இல்லை. நேற்று ஆடிய நேரம் இன்றைக்கு உதவுவதும் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்தையும் வெறுங்கையோடு தொடங்கி, அறிவொன்றையே துணையாகக்கொண்டு முடித்தல் வேண்டும். வலியற்ற பலர் கூடி வலியோனை அடக்கும் அப்பாடத்தை அத்துணைச் சில கோடுகளில் உணர்த்திய பெருமை ஆடுபுலிக்கே உரியது. ஆயின் ஆடுபுலியில் ஆட்டிற்குப் பெயரில்லை, வளர்ச்சியில்லை, ஆடுவோன் அதனிடம் அன்பு கொள்வதற்கு வழியில்லை. அவ்வன்பை விளைத்தமை போக்கிமானின் சிறப்பு. இரண்டினையும் நடுநிலையோடு காணல் வேண்டும்.

இரண்டாவது குற்றம், முதற்பதிப்பில் நேர்ந்த சமன்கேடு. மனோவலி என்னும் இயல்புடைய விலங்குகளை அடக்கப் பேயியல்புடையவை படைக்கப்பட்டன. ஆயின் கணினிக்குரிய கட்டளையை எழுதுங்கால் நேர்ந்த பிழையினால், பேயின் தாக்குதல் மனோவலி விலங்கின்மேல் ஒரு சிறிதும் பயனற்றுப்போயிற்று. அதனால் மனோவலி விலங்குகளே கோலோச்சின. இக்குறையை 1999இல் வெளிவந்த அடுத்த விளையாட்டில், இருளும் எஃகும் ஆகிய இரண்டு புதிய இயல்புகளைச் சேர்த்துத் திருத்தினர்.

மூன்றாவது குற்றம் வணிகத்தின்பாற்பட்டது. நண்பரோடு பரிமாறுதற்கென வகுத்த இரு பதிப்பு முறையே, ஒருவரே இரண்டையும் வாங்குதற்கும் தூண்டுகோலாயிற்று. 151ஆக இருந்த விலங்குகள் இன்று 1000-க்கு மேற்பட்டுவிட்டன. அனைத்தையும் பிடிக்கவேண்டும் என்னும் ஆசையை மூட்டி, அனைத்தும் என்பதன் எல்லையை ஆண்டுதோறும் அகற்றிக்கொண்டே செல்லுதல் வணிகர்க்கு நன்று, வாங்குவோர்க்கு அன்று. கைப்பேசி விளையாட்டிலோ நுழைவு இலவசம். உள்ளே பொருள்களை விரைந்து பெறுதற்கு மெய்ப்பணம் கேட்கப்படும். தந்தையார் உழைத்தீட்டிய பணத்தைக் கற்பனைப் பந்திற்குச் செலவிடுமுன் மாணாக்கர் ஒருமுறை சிந்தித்தல் நலம்.

இக்கைப்பேசி விளையாட்டைப் பற்றித் தனியே கூறவேண்டியதும் உண்டு. அதில் ஆடுவோன் மெய்யான தெருவில் மெய்யாகவே நடத்தல் வேண்டும். அவன் நிற்குமிடத்தைக் கைப்பேசி அறிந்து, அங்கே விந்தை விலங்கினைத் திரையிற் காட்டும். இதனால் மக்கள் நடைப்பயிற்சி பெறுவர் என்று பலர் மகிழ்ந்தனர். அமெரிக்க நாட்டு இளைஞரிடையே செய்த ஆய்வொன்று 2016இல் பிரிட்டானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரி 955 அடிகள் மிகுதியாக நடந்தனர் என்றும், ஆறாவது வாரத்திற்குள் அம்மிகுதி மறைந்து பழைய நிலையே வந்தெய்திற்று என்றும் அது கூறிற்று. புதுமை கால்களை எழுப்பிற்று. பழக்கமாக்க அதனால் இயலவில்லை.

மேலும், இவ்விளையாட்டில் பந்து முதலியன பெறுதற்குரிய நிலையங்கள், கோயில், சிலை, பூங்கா போன்ற மெய்யான இடங்களிலே அமைந்துள்ளன. இவ்விடங்களின் பட்டியல், அதே நிறுவனத்தார் 2012இல் வெளியிட்ட மற்றொரு விளையாட்டினை ஆடியோர் குறித்தனுப்பியவற்றிலிருந்து பெரிதும் எடுக்கப்பட்டது. அதனை ஆடியோர் மிகுதியும் நகரவாசிகள். ஆதலின் நகரத்தில் நிலையங்கள் நெருங்கின, நாட்டுப்புறத்தில் அருகின. அமெரிக்க நாட்டிலும் ஆராய்ச்சியாளர் இவ்வேற்றுமையை எடுத்துக்காட்டியுள்ளனர். தருமபுரி போன்ற மாவட்டத்திலுள்ள நமக்கு இதன் பொருள் தெளிவு: பெருநகரத்து மாணாக்கன் பத்து அடி நடந்து பெறுவதனை, சிற்றூர் மாணாக்கன் பல கல் நடந்தும் பெறான். மொழியின் நிலையும் அத்தகையதே. 2023இல் இது இந்தி மொழியில் வந்தது, தமிழில் வரவில்லை. ஆகவே நம் சிற்றூர்ச் சிறுவன் இதனைப் பிறர் மொழியில், பிறர் வகுத்த நிலப்படத்தின் ஓரத்தில் நின்று ஆடுகின்றான்.

இவையனைத்தினும் ஆழமான குற்றமொன்று உண்டு. அதனையே இக்கட்டுரையின் கருத்தாகக் கொள்க. பேராசிரியர் கொடுத்த ஏடு எவ்வாறு நிரம்புகின்றது? சிறுவன் விலங்கைக் கவனித்தெழுதுவதனால் அன்று. அவன் பந்தை எறிந்து பிடித்த அக்கணமே, அதன் எடை, உயரம், இயல்பு யாவும் தாமே ஏட்டில் தோன்றிவிடுகின்றன. பெறுதலே அறிதல் என்று விளையாட்டு கற்பிக்கின்றது. பூச்சி பிடித்த தாஜிரியோ அவ்வாறு அறிந்தவரல்லர். எக்கல்லின் கீழ் எவ்வண்டு உறங்கும், எப்பொழுது எழும், எதனை உண்ணும் எனக் காத்திருந்து கண்டவர். தம் விளையாட்டிற்குள் அவர் பூச்சிகளை வைத்தார். காத்திருத்தலை வைக்க இயலாது போயிற்று. இக்குறையை நிறுவனத்தாரும் உணர்ந்தனர் போலும்! 2022இல் வெளிவந்த விளையாட்டொன்றில், ஒரு விலங்கைப் பலமுறை கண்டு, அதன் செயல்களை நோக்கிய பின்னரே அதன் ஏடு நிறைவுறுமாறு விதியை மாற்றியமைத்தனர்.

பெறுதலை அறிதலென மயங்குவதால் வரும் இழப்பு யாது? 2002ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ என்னும் அறிவியல் இதழில், கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் சிலர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பிரிட்டனில் 109 பள்ளிச் சிறுவர்க்கு, அந்நாட்டில் எளிதாகக் காணக்கூடிய உயிர்கள், செடிகள் ஆகியவற்றின் படங்களையும், போக்கிமான் படங்களையும் காட்டிப் பெயர் கேட்டனர். நான்கு வயதினர் மெய்யுயிர்களில் நூற்றுக்கு 32ஐயும், போக்கிமானில் 7ஐயும் அறிந்திருந்தனர். எட்டு வயதினரோ மெய்யுயிர்களில் 53ஐயும், போக்கிமானில் 78ஐயும் அறிந்திருந்தனர். சிறுவரின் நினைவாற்றலுக்குக் குறைவில்லை. அதனை ஈர்ப்பதற்கு மெய்யுலகிற்கு ஓர் ஆசான் இல்லை என்பதே இதன் கருத்து.

இப்பொழுது நம் மாவட்டத்தை நோக்குவோம். ஒகேனக்கல்லில் பாறைகளினூடே காவிரி பாய்கின்றது. அவ்வாற்றை ஒட்டிய காடுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்துள்ளன. அவற்றுள் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. முன்னது ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டரும், பின்னது ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டரும் பரப்புடையன. யானைக் கூட்டங்கள் அவற்றில் உலவுகின்றன. ஆற்றில் முதலையும் நீர்நாயும் மென்னோட்டு ஆமையும் உள. கரையோர மரங்களில் சாம்பல் நிற மலையணில் தாவுகின்றது. காட்டினுள் நான்கு கொம்புகளையுடைய மானும் உண்டு. நான்கு கொம்புடைய மான் என்பது கற்பனையாளன் வரைந்த விந்தை விலங்கு போலத் தோன்றுகின்றதன்றோ! அது மெய். அதன் பெயரறிந்த மாணாக்கர் நம்மில் எத்தனை பேர்? நெருப்பைக் கக்கும் விந்தைப் பல்லியின் பெயரறிந்தோர் எத்தனை பேர்?

விலங்கை மனிதன் துணையாகக் கொள்ளும் எண்ணமும் இப்பகுதிக்குப் புதிதன்று. நம் அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையில் எடுத்தனூர் என்னும் ஊர் உளது. ஆங்குப் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில் நாட்டப்பெற்ற நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. எருமைகளின் பொருட்டு உயிர்துறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்தோடு, அவனுடைய நாயின் உருவமும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன்; அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல் கூறுகின்றது. போக்கிமானில் விலங்கு மயங்கி வீழும், சிறிது பொழுதில் எழும், இழப்பென்பது அங்கில்லை. கல்லிலுள்ள நாய்க்கோ ஓருயிரே இருந்தது. அதனாலேயே அதன் பெயரை ஏறத்தாழ 1400 ஆண்டுகளாகக் கல் சுமந்து நிற்கின்றது. இறவாத உயிரிடம் கொள்ளும் அன்பு எளிது. இறக்கும் உயிரைப் போற்றிக் காத்தலே அறம்.

அங்ஙனமாயின் இவ்விளையாட்டை விலக்குதல் வேண்டுமோ? வேண்டா. அதன் குணங்கள் மெய்யானவை. வகைப்படுத்தும் ஆர்வம், பெயரறியும் வேட்கை, இல்லாததைத் தேடிச் செல்லும் ஊக்கம், நண்பரோடு பகிர்தல் ஆகிய நான்கும் இயற்கை நூல் பயில்வோர்க்கு இன்றியமையாதவை. இவற்றை விளையாட்டிற் பழகியவர், அதே வேட்கையைப் புறத்தே திருப்புதல் அரிதன்று. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணி நடைபெறுகின்றது. எவரும் அதிற் கலந்துகொள்ளலாம். தாம் வாழும் ஊரின் ஏரிக்கரையிலோ வீட்டுத் தோட்டத்திலோ கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் தொகையையும் ‘ஈபேர்ட்’ என்னும் பொது ஏட்டிற் பதியலாம். அதற்குப் பந்து வேண்டா; பணம் வேண்டா; கண்ணும் பொறுமையும் போதும். அன்றியும், அவ்வேட்டில் நகரத்தானுக்கு முதலிடமும் நாட்டுப்புறத்தானுக்குக் கடையிடமும் இல்லை. ஒருவரும் கணக்கெடுக்காத சிற்றூர் ஏரியினின்று வரும் குறிப்பே அங்கு அருமை மிக்கது. பெருநகரத்தார் பெறவியலாத அவ்வருமை, பென்னாகரத்தும் அரூரிலும் பாலக்கோட்டிலும் வாழும் மாணாக்கர்க்கு எளிதிற் கிட்டுவதாம்.

மாணாக்கத் தோழர்களே! வயலையும் குட்டையையும் இழந்த ஒருவர், அவற்றை இழந்த சிறுவர்க்கென இவ்விளையாட்டைச் செய்தளித்தார். நாமோ அவற்றை இன்னும் முற்றும் இழந்தோமல்லோம். இழந்தவர்க்கு ஆறுதலாகச் செய்யப்பட்டதனை, இழவாதவர் தம் உடைமையை மறப்பதற்குக் கருவியாகக் கொள்ளுதல் முறையாகாது. ஆடுமளவு ஆடுங்கள், அதனால் எழுந்த ஆவல் அடங்குமுன் கைப்பேசியைப் பையிலிட்டு ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். அங்கேயும் ஓர் ஏடு நிரம்பாது கிடக்கின்றது. அதனை நிரப்புதற்குரியவர் நம் மாவட்டத்து மாணாக்கரே.